உயரம் 51 அங்குலம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



படம் எடுப்பதற்காக ஆசிரியர் வேலையை விட்ட ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்த லூயிஸ் ஹைன். எல்லிஸ் தீவில் வந்திறங்கிய ஏழைக் குடியேறிகளைப் படம் எடுக்கத் தொடங்கியவர், 1908-இல் பள்ளியை விட்டு, குழந்தை உழைப்பை எதிர்த்த தேசியக் குழுவில் முழுநேரப் புகைப்படக்காரரானார்.

பஞ்சாலைக்குள் கேமராவுடன் யார் விடுவார்கள்? பைபிள் விற்பவர், அஞ்சலட்டை வியாபாரி என்று ஏதாவது சொல்லி நுழைவாராம். தன் கோட்டுப் பொத்தான்கள் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று முன்பே அளந்து வைத்திருந்தார். பிள்ளை எந்தப் பொத்தான் வரை வருகிறது என்று பார்த்தாலே உயரம் தெரிந்துவிடும். பைக்குள் கையை விட்டபடியே குறித்துக்கொள்வார்.

அதே ஆண்டு, வட கரோலினாவில் விட்னெல் பஞ்சாலை. நூற்பு இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு சிறுமி நிற்கும் படம். அதன் கீழே எழுதியிருக்கிறார்: உயரம் 51 அங்குலம், ஓராண்டாக வேலை, சில நாள் இரவிலும், தினக்கூலி 48 சென்ட். வயதைக் கேட்டதற்கு முதலில் நினைவில்லை என்றாளாம். பிறகு ரகசியமாக, வேலை செய்யும் வயது ஆகவில்லை, ஆனாலும் செய்கிறேன் என்றிருக்கிறாள்.

வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகள் அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் முதலில் படத்தை மட்டும் காட்டினேன். "பாவம் டீச்சர்" என்றார்கள். குறிப்பை வாசித்ததும் பேச்சு மாறிவிட்டது. அக்கா மில்லுக்குப் போகும் ஒரு மாணவி, "ராத்திரி ஷிப்டுக்குத் தனிக் கூலியா டீச்சர்?" என்று கேட்டாள். பரிதாபப்படுகிறவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். ஹைனின் படங்கள் சாட்சியமானதற்கு அந்தக் குறிப்புகளே காரணம் என்பேன்.

பலன் உடனே வரவில்லை. 1916-இல் வந்த சட்டத்தை 1918-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நிலைத்த சட்டம் 1938-இல்தான். விட்னெல் சிறுமிக்கு அப்போது ஏறக்குறைய நாற்பது வயது ஆகியிருக்கும்.

நலத்திட்டப் பொருள் கொடுக்கும்போது பிள்ளையை நிறுத்திப் படமெடுத்துக் குழுவில் போடுகிறோமே, அதில் அந்தப் பிள்ளையைப் பற்றி என்ன தெரிகிறது?

எங்கள் மாணவர்கள் இப்போது தெருவில் உழைப்பவர்களைச் செல்பேசியில் படம் எடுக்கிறார்கள். பெயர், வேலை நேரம், கூலி கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் எடுக்கக் கூடாது. ஒரு மாணவன் படமில்லாமல் வந்தான். கயிறு திரிக்கும் அம்மா மறுத்துவிட்டார். ஆனால் ஒரு மணி நேரம் பேசினாராம். அவன் எழுதி வந்த இரண்டு பக்கத்தை மற்றப் படங்களோடு வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.