சோபாவும் நாய்க்குட்டியும்



நாய்க்குட்டி ஒன்று வீட்டுக்கு வந்து சேர்ந்த முதல் வாரத்தில் அதன்மீது எவருக்கும் கோபம் வருவதில்லை. முன்னங்கால்கள் இரண்டையும் சோபாவின் விளிம்பிலே தொற்றவைத்துக்கொண்டு, ஏறவும் மாட்டாமல் இறங்கவும் மாட்டாமல் அது தொங்குகிற காட்சி வேடிக்கையாகவே இருக்கிறது. யாரேனும் ஒருவர் இரக்கப்பட்டுத் தூக்கியும் விடுகிறார். ஆறு மாதங்கள் செல்கின்றன. குட்டி இருபது கிலோ எடையுள்ள நாயாகிவிடுகிறது. மழைச் சேறு படிந்த கால்களோடு அதே சோபாவில் அது ஏறிப் படுக்கும்போது, முன்பு தூக்கிவிட்ட அதே கை பிரம்பைத் தேடுகிறது. நேற்றுவரை அனுமதிக்கப்பட்ட காரியம் இன்று குற்றமாகிவிட்டது; சட்டம் மாறிய செய்தியை நாய்க்கு எவரும் அறிவிக்கவில்லை.

இதை அற்ப விஷயமென்று தள்ளிவிடுவதற்கில்லை. அயர்ந்து உறங்கும் நாயைக் கழுத்துப் பட்டையைப் பற்றி இழுத்துக் கீழே தள்ளினால், முதல் முறை அது உறுமும். உறுமியதற்கும் அடி விழுந்தால், அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். அப்படிக் கடிபடுவது சிறு குழந்தையின் கையாகவும் இருக்கக்கூடும். கடித்த நாய்க்கு அப்புறம் அந்த வீட்டில் இடமில்லை. கழுத்திலே பட்டையோடு, போக்கிடம் தெரியாமல் தெருவில் திரிகின்ற நாய்களை எந்தப் பெரிய நகரத்திலும் நாம் காண்கிறோம். அவற்றுள் சிலவற்றின் வரலாறு ஒரு சோபாவிலிருந்தே தொடங்கியிருக்கும்.

நாய் ஏன் மேலே ஏறுகிறது? மெத்தை மென்மையாக இருக்கிறது. ஜன்னல் வழியே தெரு தெரிகிறது. வீட்டாரின் வாசனை அங்கே செறிந்திருக்கிறது. நம் ஹைதராபாத்திலே இன்னொரு காரணமும் உண்டு. இங்குள்ள பழைய வீடுகளில் பெரும்பாலும் ஷாபாத் கல்லோ தாண்டூர்க் கல்லோ பாவிய தரைதான். சித்திரை வெயிலில் அந்தத் தரையைவிட இன்பமான படுக்கை நாய்க்கு வேறில்லை. கூப்பிட்டாலும் மேலே வராது. மார்கழிக் குளிரிலோ அதே கல் பனிக்கட்டியாகிவிடுகிறது. கோடையில் ஒழுங்காக இருந்த நாய் டிசம்பரில் கெட்டுப்போயிற்று என்று குறைப்படுவோர், வெறுங்காலோடு அத்தரையில் கால் மணி நேரம் நின்று பார்ப்பது நல்லது. 2005ஆம் ஆண்டில் அஞ்சல் தலையில் இடம்பெற்ற நமது இராஜபாளையம் நாயும், சிப்பிப்பாறை நாயும் மெலிந்த உடலும் குட்டையான மயிரும் உடையவை. வெறுந்தரையில் படுத்துப் படுத்து அவற்றின் முழங்கைகள் காய்த்துப்போகும். விரிப்புக் கொடுக்காமல் அவற்றைச் சோபாவினின்று விரட்டுவது நியாயமாகாது.

நாய் நமக்கு மேலாக அதிகாரம் செலுத்தவே உயர்ந்த ஆசனத்தை நாடுகிறது என்றொரு கொள்கை நெடுங்காலம் வழங்கிவந்தது. அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து ருடால்ப் ஷெங்கெல் என்பவர் 1947இல் எழுதிய ஆராய்ச்சியிலிருந்து அது கிளைத்தது. அமெரிக்க அறிஞர் டேவிட் மெக் 1970இல் வெளியிட்ட நூலினால் அது எங்கும் பரவிற்று. காட்டிலே ஓநாய்க் கூட்டம் என்பது தாயும் தந்தையும் குட்டிகளும் சேர்ந்த குடும்பமே என்றும், பட்டத்துக்குப் போட்டியிடும் படையன்று என்றும் 1999இல் எடுத்துரைத்தவரும் அதே மெக் தான். ஆகவே உங்கள் சோபா சிம்மாசனமன்று. நாயைப் பொறுத்தமட்டில் அது ஒரு மெத்தை, அவ்வளவே.

இனி, செய்யவேண்டியது என்ன? முதலில் குட்டிக்கென்று ஓர் இடம் வேண்டும். பழைய ஜமக்காளத்தை நான்காய் மடித்து, வீட்டார் உடுத்திய பழந்துணி ஒன்றை அதன்மீது விரித்தால் போதும். அந்த இடம் மனிதர் கூடியிருக்கும் கூடத்திலேயே இருக்கவேண்டும். பின்கட்டில் விரித்துவிட்டு, குட்டி அங்கே தங்கவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. அதற்கு வேண்டியது மெத்தை மட்டுமன்று, நமது துணையுமாகும். குட்டி தானாக விரிப்பில் கால் வைக்கும் அந்தக் கணமே, வேகவைத்த கோழிக்கறித் துணுக்கு ஒன்றை விரிப்பின் மீதே போடவேண்டும். இரண்டு விநாடி தாமதித்தாலும் எதற்காகப் பரிசு கிடைத்ததென்று அதற்கு விளங்காது. பின்னர், உட்கார்ந்தால் பரிசு. அதற்கும் பின்னர், படுத்துச் சற்று நேரம் இருந்தால் பரிசு. ஒரு தடவைக்கு மூன்று நிமிஷத்துக்கு மேல் வேண்டாம்; நாளைக்கு நாலைந்து தடவை செய்யலாம். நம் ஊரின் பெருமைக்குரிய பிரியாணியின் மிச்சத்தைப் பரிசாக்கிவிடாதீர்கள். அதிலுள்ள வெங்காயம் நாயின் இரத்தத்துக்குக் கேடு. வெந்த எலும்பு குடலைக் கிழிக்கும். திராட்சையும் சாக்லேட்டும் அதற்கு நஞ்சு.

சோபாவில் ஏறிவிட்டால்? கூச்சலிடவும் வேண்டாம், கையால் இழுக்கவும் வேண்டாம். ஒரு துணுக்கைத் தரையில் போட்டு, 'இறங்கு' என்று சொன்னால் அது இறங்கிவிடும். ஆனால் குட்டிகள் கணக்கில் கெட்டிக்காரர்கள். ஏறினால்தானே இறங்கச் சொல்லுவார்கள், இறங்கினால்தானே தின்பண்டம் வரும் என்று கண்டுகொண்டு, ஏறுவதையே தொழிலாக்கிக்கொள்ளும். ஆதலால் இறங்கியதற்கு ஒரு பாராட்டுச் சொல்லோடு நிறுத்திக்கொண்டு, விரிப்புக்குச் சென்று படுத்த பின்னரே பெரிய பரிசைத் தரவேண்டும். நாம் வீட்டில் இல்லாதபோது அந்த அறைக் கதவைச் சாத்திவிடுவதே உத்தமம். இயலாவிடில் இரண்டு நாற்காலிகளைச் சோபாவின் மீது கவிழ்த்து வைக்கலாம். ஒரு மணி நேரம் தடையின்றி மெத்தையில் உறங்கிவிட்டால் அதுவே அதற்கு ஒரு பரிசு.

'இறங்கு' என்றேன். எந்த மொழியில்? என் பிழைப்பே மொழிபெயர்ப்பாதலால் இவ்விடத்தில் சற்றுத் தங்குவதை நேயர்கள் பொறுத்தருள வேண்டும். இந்நகரத்துத் தமிழ்க் குடும்பமொன்றில் பாட்டி 'இறங்கு' என்பார். வேலைக்கு வரும் அம்மாள் தெலுங்கில் 'திகு' என்பார். அடுத்த வீட்டுப் பையன் தக்கணி மொழியில் 'உதர்' என்பான். பள்ளிக்குச் செல்லும் பேரனோ ஆங்கிலத்தில் 'டௌன்' என்பான். அந்த 'டௌன்' என்பதையே 'படு' என்ற பொருளிலும் அவன் ஆள்வான். சோபாவின் மேலேயே வசதியாகப் படுத்துக்கொள்ளும் நாய் கட்டளையை மீறியதாகாது. ஒரு பொருளுக்கு ஒரு சொல், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்பது கலைச்சொல் ஆக்கத்தில் நாங்கள் போற்றும் விதி. கோப்புகளில் அதை மீறினால் குழப்பம் வரும். குட்டியிடத்தில் மீறினாலும் வரும். எந்த மொழியானாலும் குற்றமில்லை, வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்லவேண்டும். தென் கரோலினாவில் சேஸர் என்ற நாய் ஆயிரத்துக்கு மேற்பட்ட பொம்மைகளின் பெயர்களை அறிந்திருந்ததாக 2011இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. குட்டியின் மூளை சிறிதென்று நாம் கவலைப்பட வேண்டியதில்லை. மேலும், சொல்லின் பொருளும் குரலின் இனிமையும் பொருந்தி வரும்போதுதான் நாயின் மூளை அதைப் பாராட்டாகக் கொள்கிறது என்று புடாபெஸ்ட் நகரத்து ஆராய்ச்சியாளர் 2016இல் காட்டினர். எரிச்சலான குரலில் 'சமர்த்து' என்று சொல்வது வீண்.

எல்லாரும் என்று சொன்னதில் தாத்தாவும் அடக்கம். நால்வர் மறுத்து, ஒருவர் மட்டும் பிறர் காணாமல் அருகில் ஏற்றிக்கொண்டால், பழக்கம் போகாதது மட்டுமன்று, முன்னிலும் உறுதிப்படும். எப்போதோ ஒரு முறை கிட்டும் பரிசு உயிர்களை எவ்வளவு வலுவாகக் கட்டிப்போடுகிறது என்பதை ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு ஆராய்ந்து காட்டினார். லாட்டரிச் சீட்டு வாங்குபவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடித்தால் விரைவில் பழகாதா என்று கேட்பவர் உண்டு. நாம் வெளியிலிருந்து திரும்பும்போது மெத்தையில் மயிர் கிடக்கிறது; நாய் தலையைத் தாழ்த்திக் கண்ணைத் திருப்புகிறது. 'பாருங்கள், தப்பு செய்தது அதற்கே தெரிகிறது' என்கிறோம். அலெக்ஸாண்டிரா ஹொரோவிட்ஸ் என்ற அம்மையார் 2009இல் இதைச் சோதித்தார். குற்றமே செய்யாத நாயும், எசமானர் கடிந்துகொண்டால், அதே முகத்தைக் காட்டியது. அந்த முகம் நமது கோபத்துக்கு விடை; செய்த செயலின் நினைவன்று. மணிக்கணக்குக்குப் பிறகு விழும் அடியிலிருந்து அது கற்பது, வாயிற்கதவு திறந்தால் அச்சம் வரும் என்பதையே. பிராணிகளைத் தேவையின்றி அடித்துத் துன்புறுத்துவது குற்றமென்று கூறும் 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வித்திட்டவர், மாநிலங்களவையில் 1953இல் தனி மசோதா கொணர்ந்த நமது ருக்மிணி தேவி அருண்டேல் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

அடியின்றி வேலை நடக்குமா என்ற ஐயம் உடையவர், போலீஸ் மோப்ப நாய்களை எண்ணிப் பார்க்கட்டும். நம் நகருக்கு அருகே மொயினாபாத்தில் தெலங்கானா போலீசார் நாயையும் அதைக் கையாள்பவரையும் சேர்த்தே பயிற்றுகின்றனர். வெடிமருந்தைத் தேடும் நாய்க்குப் பொதுவாகக் கிடைக்கும் கூலி ஒரு பந்து விளையாட்டே. விளையாட்டு என்றவுடன் மற்றொன்று: நன்றாக ஓடிய குட்டி எந்த இடத்திலும் உறங்கும். மாலையில் அரை மணி நேரம் வெளியே அழைத்துச் செல்லுங்கள். கொண்டாப்பூரில் 2018இல் நாய்களுக்கென்றே ஒரு பூங்காவும் திறக்கப்பட்டது.

தாத்தாவுக்கு நாய் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டுமென்றால் அதற்கும் வழியுண்டு. ஒரு குறிப்பிட்ட போர்வையைத் திவானின் ஒரு மூலையில் விரித்து, அதன்மீது மட்டும், அழைத்தால் மட்டும் ஏறலாமென்று பழக்கலாம். போர்வை இருந்தால் உத்தரவு, இல்லையேல் இல்லை. இந்த வேறுபாடு நாய்க்குச் சில வாரங்களில் விளங்கிவிடும். தாத்தா எழுந்து வெளியே போகும்போது போர்வையை மறவாமல் மடித்து அலமாரிக்குள் வைத்துவிட வேண்டும்.