மனப்பாரமும் கைப்பக்குவமும்

நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். பெரிய பேச்சு எனக்கு வராது. எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து சாம்பார் பொடி, இட்லிப் பொடி போட்டு விற்கிறோம். கடன் வாங்கி ஆரம்பித்த தொழில். மாசம் பிறந்தால் தவணை கட்டணும். பொடியின் பக்குவம் ஒரு அக்காவின் கையில்தான் இருந்தது. மல்லி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு, எதை எந்த அளவுக்கு வறுக்கணும் என்பது அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும்.

போன வருஷம் அவர் வீட்டுக்காரர் தவறிவிட்டார். அதற்கப்புறம் அக்காவுக்குத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. மல்லி கருகுவது தெரியாமல் அடுப்பையே பார்த்துக்கொண்டு நிற்பார். கொஞ்ச நாளில் வருவதையே நிறுத்திவிட்டார். அவர் இல்லாமல் போட்ட பொடியை, "பழைய ருசி இல்லையேம்மா" என்று கடைக்காரர் இரண்டு தடவை திருப்பிவிட்டார். அந்த மாசத் தவணையைக் கைக்காசு போட்டுத்தான் கட்டினோம்.

ஊரில் சிலர், "வேலைக்குப் பயந்து நடிக்கிறா" என்றார்கள். எங்கள் ஊக்குநர்தான், "காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவீங்கல்ல? இதுவும் அப்படித்தான்" என்றார். அரசு மருத்துவமனையில் மனநல டாக்டரிடம் துணைக்கு இரண்டு பேர் போனோம். ஒரே நாளில் சரியாகவில்லை, மூணு மாசத்துக்கு மேல் ஆனது. மாத்திரையும் சாப்பிட்டார். நாங்களும் முறை வைத்து அவர் வீட்டில் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தோம்.

அப்படி ஒரு நாள் அக்கா மனசு விட்டுச் சொன்னார்: "பக்குவத்தைச் சொல்லிட்டா, அப்புறம் இவ எதுக்குன்னு விட்டுருவீங்களோன்னு பயம். அதனாலதான் முடியாதப்பவும் வந்து நின்னேன்."

அடுத்த கூட்டத்திலேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம். தொழிலைச் சொல்லிக்கொடுத்தவருக்குப் பங்கு குறையாது. ஒவ்வொரு வேலையும் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கணும். உடம்போ மனசோ முடியாவிட்டால் வாய்விட்டு லீவு கேட்கலாம்.

அக்கா திரும்பி வந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். மிளகாயை ஒடித்தால் சத்தம் கேட்கிற அளவுக்குக் காயணும். மிஷினிலிருந்து வந்த பொடியைப் பரப்பி ஆறவிட்டுத்தான் பாக்கெட் போடணும், சூட்டோடு ஒட்டினால் உள்ளே வியர்த்துக் கட்டி பிடிக்கும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். நானும் வரவு செலவு எழுதுவதை ஒரு தங்கைக்குப் பழக்கினேன். இப்போது கடைக்காரர் பொடியைத் திருப்புவதில்லை. அக்காவும் நிம்மதியாகத் தூங்குகிறார்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். கூட்டத்தில் சேமிப்பும் தவணையும் முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீங்க. முகம் வாடி இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்க. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் டாக்டரிடம் கூட்டிட்டுப் போங்க. 14416 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அந்த எண்ணை இன்றைக்கே உங்கள் குழு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்க.