கடற்பந்தயத்தின் முதல் விதி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதன்றோ மரபு, இவர் கடலைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். கலம் செலுத்திப் பொருள் தேடியோரின் வழியில் வந்தவர்கள் நாம். ஆயினும் இன்று நான் சொல்லப் புகுவது பொருளுக்காகக் கடலேறியவர்களைப் பற்றியன்று. விருப்பத்தின்பொருட்டுப் பாய்மரப் படகேறிப் பந்தயத்தில் கலந்துகொள்வோரைப் பற்றியது.

இவ்விளையாட்டு பார்வைக்கு இனியது; உள்ளே அபாயம் நிறைந்தது. காற்று படகை ஒரு பக்கம் சாய்க்க, படகோட்டி மறு விளிம்பில் உடலைச் சாய்த்துத் தன் எடையால் அதை நிமிர்த்துகிறான். காற்று திடீரென வலுத்தால் படகு கவிழும். படகைத் திருப்பும்போது பாயின் அடிக்கட்டை வீசியடித்துத் தலையைத் தாக்குவதும் உண்டு. இதனை உணர்ந்தோர் வகுத்த பன்னாட்டுப் பந்தய விதிநூலின் முதல் விதி யாது? ஆபத்தில் சிக்கிய எவருக்கும் எக்கலத்துக்கும் இயன்ற உதவி அனைத்தும் செய்தல் வேண்டும் என்பதே அது. வெல்வதற்கான விதிகள் அதன் பின்னரே வருகின்றன.

ஏட்டில் எழுதுவது எளிது. வெற்றி கண்ணெதிரே நிற்கும்போது அதனைக் கடைப்பிடிப்பவர் உளரோ? உளர். 1988-ஆம் ஆண்டு ஒலிம்பிக் படகுப் பந்தயங்கள் கொரியாவின் பூசான் துறைமுகத்தை ஒட்டிய கடலில் நடைபெற்றன. செப்டம்பர் 24-ஆம் நாள் கடுங்காற்று. கனடா நாட்டு லாரன்ஸ் லெமியூ தம் பிரிவில் இரண்டாவதாகச் சென்றுகொண்டிருந்தார். வேறொரு பிரிவில் போட்டியிட்ட சிங்கப்பூர்ப் படகு கவிழ்ந்து, அதிலிருந்த இருவரும் நீரில் தத்தளிப்பதைக் கண்டார். தம் வழியை விட்டு விலகினார். இருவரையும் தம் சிறு படகில் ஏற்றினார். காவற்படகு வந்து அவர்களைப் பெற்றுக்கொள்ளும் வரை காத்திருந்தார். பிறகு பந்தயத்தைத் தொடர்ந்து 22-ஆவது இடத்தில் முடித்தார். நடுவர்கள் அப்பந்தயத்தில் அவருக்கு இரண்டாம் இடத்தையே மீட்டளித்தனர். ஆம், உதவியவன் இழந்த காலத்தை ஈடுசெய்யவும் விதிநூலில் இடமுண்டு. அறம் செய்தவனை நட்டத்தோடு விட்டுவிடலாகாது என்று அந்நூல் கருதுகிறது.

உதவுவோனுக்குக் கடமை உண்டெனில், உதவியை எதிர்நோக்குவோனுக்கும் ஒரு கடமை உண்டு. அதைக் கற்பித்தது 1979-ஆம் ஆண்டின் ஃபாஸ்ட்நெட் பந்தயம். இங்கிலாந்தின் கௌஸ் துறையிலிருந்து 303 படகுகள் புறப்பட்டன. அயர்லாந்தின் தென்கரைக்கு அப்பாலுள்ள ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றிப் பிளிமத் வந்து சேரவேண்டும். ஏறக்குறைய 600 கடல் மைல். ஆகஸ்டு 13-ஆம் நாள் இரவு எழுந்த புயலில் போட்டியாளர் 15 பேர் மாண்டனர். 24 படகுகளை அவற்றில் இருந்தோர் கைவிட்டு வெளியேறினர்; ஆனால் அவற்றுள் மூழ்கியவை ஐந்தே! எஞ்சியவை பின்னர் மிதந்தபடியே கண்டெடுக்கப்பட்டன. உயிர் காக்கும் தெப்பமே சிலருக்கு உயிர் பறிக்கும் பொறியாயிற்று. படகு மிதக்கும் வரை அதனை விட்டு அகலாதே என்னும் பாடத்தை உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றது. அந்த இரவிலும், தெப்பத்தில் தவித்த 'கிரிஃபின்' படகினரைப் போட்டியிலிருந்த 'லொரெலை' என்னும் பிரெஞ்சுப் படகு தேடி வந்து காத்தது.

நம் நாட்டவர் ஒருவரின் வரலாற்றையும் கேளுங்கள். இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, 2018-ஆம் ஆண்டு தனியாளாக உலகைச் சுற்றும் 'கோல்டன் குளோப்' பந்தயத்தில் கலந்துகொண்டார். செப்டம்பர் 21-ஆம் நாள் தென் இந்தியப் பெருங்கடலில் வீசிய புயலில் அவரது 'துரியா' படகின் பாய்மரம் முறிந்தது; முதுகெலும்பில் அடிபட்டு, எழவும் இயலாது கிடந்தார். அதே புயலில் தம் பாய்மரத்தையும் இழந்திருந்த அயர்லாந்து வீரர் கிரெகர் மக்கக்கின், ஒட்டுப்போட்ட பாயோடு அவரை நோக்கி வந்தார். மூன்று நாள்களுக்குப் பின் 'ஒசிரிஸ்' என்னும் பிரெஞ்சுக் காவற்கப்பல் டோமியை மீட்டது. மக்கக்கினையும் அதுவே ஏற்றிக்கொண்டது.

டோமி அறுவைச் சிகிச்சை பெற்றுத் தேறி, 2022-இல் மீண்டும் அதே பந்தயத்தில் இறங்கினார். அவ்வாண்டு நவம்பரில் பின்லாந்து வீரர் தாபியோ லெஹ்தினனின் படகு இந்தியப் பெருங்கடலில் மூழ்கியது. தென்னாப்பிரிக்கப் பெண்மணி கிர்ஸ்டன் நோயஷேஃபர் தம் படகைத் திருப்பி, தெப்பத்திலிருந்த அவரைக் காத்தார். செய்தி கேட்ட டோமியும் தம் படகை அத்திசையில் செலுத்தினார். பிறர் தேடி வந்ததால் பிழைத்தவர், பிறரைத் தேடிச் செல்லத் தயங்கவில்லை. 2023 ஏப்ரலில் பந்தயம் முடிந்தபோது முதலிடம் பெற்றவர் அப்பெண்மணி. இரண்டாமிடம் பெற்றவர் டோமி.

அன்பர்களே! பிறந்த மண்ணை விட்டு வந்து இக்காலனியில் வாழும் நாம், நம் மக்களைப் பல பந்தயங்களுக்கு அனுப்புகிறோம். தேர்வும் பந்தயம், வேலையும் பந்தயம். வீடு திரும்பியதும் "எத்தனையாவது இடம்?" என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதே. அதனோடு, "வழியில் எவரேனும் கவிழ்ந்து கிடந்தனரா? நீ நின்றாயா?" என்றும் கேட்போமாக. நோயுற்ற தோழனுக்குப் பாடம் எழுதிக் கொடுத்து ஒரு மாலைப்பொழுதை இழந்து வரும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாது, அன்றிரவு அவன் அருகில் அமர்ந்து அவன் பாடத்துக்குத் துணை செய்வோமாக. அந்நடுவர்கள் பூசானில் செய்ததும் அதுவேயன்றோ?