எட்டு விளக்கு, ஒரு காரிடார், கொஞ்சம் விருத்தாசலம் பீங்கான்

கோடு எழுதுற ஆளு இன்னைக்கு சுவர் விளக்கு பற்றிப் பேசப்போறேன். காரணம், என் மாமா. இன்ஜினியரிங் படிச்சவனுக்கு ஃபேன் ரிப்பேர்ல இருந்து எல்லாமே தெரியும்னு நம்புற தலைமுறை அது.

விருத்தாசலத்தில் சின்னதா ஒரு லாட்ஜ் கட்டியிருக்கார். "மாப்ள, காரிடார் லைட்டு நீயே பார்த்து வாங்கிடு"ன்னார். ஆன்லைனில் போட்டோவுக்கு அழகா இருந்த ஒன்றை வாங்கி, அஞ்சடி உயரத்தில் மாட்டினோம். சுவரிலிருந்து ஏழு இன்ச் நீட்டிக்கிட்டு இருந்தது. முதல் வாரமே, பெட்ஷீட் கட்டைத் தூக்கிக்கிட்டு வந்த அத்தை நெற்றியில் இடிச்சுக்கிட்டாங்க. மூணு தையல்.

அப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்க கட்டட விதிப்படி, தரையிலிருந்து 27 இன்ச்சுக்கும் 80 இன்ச்சுக்கும் நடுவில் சுவரில் மாட்டும் எதுவும் 4 இன்ச்சுக்கு மேல் நீட்டக்கூடாது. பார்வையில்லாதவர் கைத்தடிக்கு அது தட்டுப்படாது என்பதுதான் காரணம். அத்தைக்கு கண் நல்லாவே தெரியும், கையில் இருந்த கட்டுதான் மறைச்சது. விதி ரெண்டு பேருக்கும் பொருந்துது.

அடுத்து வெளிச்சம். காரிடாருக்கு 100 லக்ஸ் போதும். எங்க காரிடார் 60 அடி நீளம், 5 அடி அகலம், அதாவது சுமார் 28 சதுர மீட்டர். தரைக்கு 2800 லூமென் வேணும். சுவரும் கூரையும் பாதியை விழுங்கிடும்னு வெச்சா 5600. எட்டு விளக்குக்குப் பிரிச்சா ஆளுக்கு 700, ஏழெட்டு வாட் எல்இடி போதும். நிறம் 3000 கெல்வின். நான் முதலில் வாங்கினது 6500, அதுல காரிடார் எக்ஸ்ரே ரூம் மாதிரி இருந்தது. முக்கியமா, எந்த விளக்கும் அறைக் கதவுக்கு நேர் எதிரே வேண்டாம். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தர் கதவைத் திறந்தா வெளிச்சம் நேரா கட்டிலில் தூங்குறவர் முகத்தில் அடிக்கும்.

இப்போ ஊர் விஷயம். இங்கே செராமிக் தொழிற்பேட்டை இருக்கு, செராமிக் படிப்புக்கென்றே அரசுக் கல்லூரி இருக்கு. பழைய வீட்டு மெயின் போர்டில் வெள்ளையா இருக்குமே, அந்த பீங்கான் ஃப்யூஸ் கேரியர் இந்த ஊர்ச் சரக்கு. எம்சிபி வந்த பிறகு புது வீடுகளில் அதுக்கு வேலை இல்லை. கார்த்திகைக்கு அகல் விளக்கு செய்றாங்க. அப்போ சுவர் விளக்கு ஏன் கூடாது?

ஒரு பட்டறையில் கேட்டேன். "செய்யலாம் தம்பி, ஆனா களிமண் சுட்டா சுருங்கும்"னார் பெரியவர். பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதுக்கும் மேல. அதனால் ஸ்க்ரூ ஓட்டையை வட்டமா வைக்காம நீள்வட்டமா வைக்கச் சொன்னார். முன்னபின்ன இருந்தாலும் சுவரில் உட்காரும். யூடியூபில் எனக்கு இது கிடைக்கவே இல்லை.

இன்னொரு சிக்கல், சூடு. பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது, நல்லது. ஆனா வெப்பத்தையும் அலுமினியம் அளவுக்குக் கடத்தாது. சூடு வெளியேறலைன்னா எல்இடி சீக்கிரம் போயிடும். அதனால் உள்ளே ஒரு அலுமினியத் தகடு, அதுக்கு எர்த், மேலும் கீழும் காற்றுப் போக வழி. மூணரை இன்ச்சுக்குள்ள அடங்கிடுச்சு.

சாம்பிள் பார்த்த மாமா ஒரே கேள்விதான் கேட்டார்: "ஒன்னு உடைஞ்சா?" அடுத்த சூளையில் நிறமும் அளவும் கொஞ்சம் மாறும். அதனால் எட்டுக்குப் பதில் பத்து, ஒரே தடவையில் சுடச் சொல்லியிருக்கோம்.