நோட்டு புத்தகமாகப் போன வழி



நான் பத்தாம் வகுப்பு வரைதான் படிச்சேன். எங்க குழுப் பாட்டிமார் சொன்ன கம்பு, கேழ்வரகு, சாமைப் பலகாரம் நாற்பதை ரெண்டு வருஷமா எழுதி, நோட்டை அப்படியே ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். பதில் வரலை, நோட்டும் திரும்பலை. நல்லவேளை, மகள் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தாள்.

நூலகர் அம்மாதான் வழி சொன்னாங்க. "முழுசா அனுப்பாதீங்க. முதல்ல ரெண்டு பக்கக் கடிதம் எழுதுங்க. என்ன புத்தகம், யார் வாங்குவாங்க, மற்ற சமையல் புத்தகத்தில் இல்லாதது இதில் என்ன, நீங்க யார்? கூடவே பொருளடக்கமும், மாதிரிக்கு ஒரு அத்தியாயமும் வைங்க." யார் வாங்குவாங்க என்பதை எழுதத்தான் எனக்கு மூணு நாள் ஆச்சு.

வேறொரு பதிப்பகம் கூப்பிட்டது. ஒப்பந்தத்தில் எல்லா உரிமையும் என்றைக்கும் அவங்களுக்கே என்று இருந்தது. கையெழுத்துப் போடலை. பாட்டிமார் சொன்னதை நான் எப்படி எழுதிக் கொடுக்க?

1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் உரிமை கைமாறும். எத்தனை வருஷத்துக்கு என்று குறிக்காவிட்டால் 5 வருஷம்தான். அதனால், "5 வருஷம் என்றே எழுதுங்க, பாட்டிமார் பேரையும் போடுங்க" என்று கேட்டிருக்கேன். சம்மதிக்காவிட்டால் வேறு இடம் தேடுவேன்.

கடன் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாதுன்னு நம்ம குழுவில்தானே கத்துக்கிட்டோம்? புத்தகத்துக்கும் அதேதான்.