பாபநாசம் சிவனும் அவர்தம் இசையும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



“நம் பிள்ளைகள் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள், இவர்களிடம் தமிழ் நிலைக்குமா?” என்று நம் காலனியைச் சேர்ந்த ஓர் அம்மையார் அண்மையில் என்னிடம் வினவினார். விடை கூற இயலாது வீடு திரும்பினேன். அப்பொழுது பாபநாசம் சிவன் நினைவுக்கு வந்தார்.

1890இல் தஞ்சை மாவட்டத்துப் போலகம் என்னும் சிற்றூரில் பிறந்தவர் இராமையா. இளமையிலேயே தந்தையை இழந்தார். அன்னை யோகாம்பாள் ஆதரவு நாடி, மக்களுடன் திருவனந்தபுரம் சேர்ந்தார். நம் முன்னோர் வட ஆற்காட்டிலிருந்து தங்கச் சுரங்கத்தை நாடி இங்கு வந்ததும் ஏறக்குறைய அதே காலந்தான். அங்கே அவர் கற்றது மலையாளம். கல்லூரியில் பயின்றது வடமொழி இலக்கணம். நீலகண்ட சிவனின் பஜனைக் கோஷ்டியில்தான் தமிழ்ப் பாட்டு அவர் நெஞ்சில் வேரூன்றியது. அன்னை மறைந்தபின் கோயில் கோயிலாகத் திரிந்தார். மேனியெங்கும் நீறு பூசிய அவ்விளைஞரை மக்கள் ‘சிவன்’ என்றே அழைத்தனர். இராமையா என்ற பெயர் மறைந்தே போயிற்று!

அவர்தம் கீர்த்தனைகளின் தனிச்சிறப்பு யாது? இராகத்தின் வடிவம் பல்லவியின் முதல் அடியிலேயே துலங்கிவிடும். சொல் இசையை நெருக்காது, இசை சொல்லைச் சிதைக்காது. மயிலைக் கபாலீசுவரரின் திருவீதி உலாவைக் கண்டு பாடிய ‘காணக் கண் கோடி வேண்டும்’ என்னும் காம்போதிக் கீர்த்தனையை எண்ணுங்கள். அணிகளும் மலர்களும் வரிசையாக வர, ஊர்வலமே நம் கண்முன் நகர்கிறது. கச்சேரியின் இறுதியில் துக்கடாவாக மட்டும் தமிழ்ப் பாட்டு ஒலித்த காலத்தில், நடுவிடத்தில் விரித்துப் பாடத்தக்க உருப்படிகளைத் தந்தவர் அவர். ‘தமிழ்த் தியாகையர்’ என்று வழங்கப்பெற்றது மிகையன்று.

திரைப்படத்துக்கும் எழுதினார். சிலர் அதைக் குறையாகக் கூறுவர்; நான் அவ்வாறு கருதவில்லை. 1944இல் வெளிவந்த ‘ஹரிதாஸ்’ படத்தில் தியாகராஜ பாகவதர் பாடிய ‘மன்மத லீலையை’ என்ற பாட்டால், சாருகேசி என்னும் பெயரையே அறியாதவரும் அவ்விராகத்தை முணுமுணுத்தனர். சபாவின் வாயிற்படி ஏறாத தொழிலாளிக்கும் இசைத்தட்டு வழியே நல்ல இராகம் எட்டியதே!

1971இல் சங்கீத கலாநிதி விருதும், 1972இல் பத்மபூஷண் விருதும் அவரை வந்தடைந்தன. 1973இல் மறைந்தார்.

வினவிய அம்மையார் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். கன்னடப் பள்ளியில் பயிலும் அவர்தம் பேத்தி இப்பொழுது அந்தக் காம்போதிக் கீர்த்தனையைப் பாட இருக்கிறாள். தம்புரா சுருதி சேர்ந்துவிட்டது, நான் அமர்கிறேன்.