வழி கேட்டுப் போங்கள்

கொடும்பாளூரில் பாதை சூலம்போல் மூன்றாகப் பிரியும் என்று கோவலனுக்கு மதுரை வழி சொன்ன மாங்காட்டு மறையவன், அவ்வழிகளில் எதிர்ப்படும் இடர்களையும் விரித்துரைத்ததாகச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. இன்று நாம் நம்பும் கைபேசி வரைபடம் தூரத்தையும் நெரிசலையும் கணிக்கும்; நேற்றைய மழையில் கண்மாய்க்கரைச் சாலை அரித்துப்போனது அதற்குத் தெரியாமல் போகலாம். 2024 நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே, வரைபடத்தை நம்பிச் சென்றதாகச் சொல்லப்பட்ட கார், வெள்ளம் அடித்துப்போன பாலத்திலிருந்து ராம்கங்கை ஆற்றில் விழுந்து மூவர் இறந்தனர்.

ஆட்களும் தப்பாகச் சொல்வார்களே என்பீர்கள். நியாயம்தான், அதனால் இரண்டு பேரிடம் கேளுங்கள். மதுரை திருநகரிலிருந்து திருமங்கலம் வழியாக நான்குவழிச் சாலையில் போகும்வரை வரைபடம் போதும். கிளைச்சாலையில் இறங்குமுன் டீக்கடையில் நிறுத்தி, "அண்ணே, இந்தப் பக்கம் கார் போகுமா?" என்று கேளுங்கள். நடுராத்திரி, கேட்க ஆளில்லையா? பெரிய சாலையை விட்டு இறங்காதீர்கள்.